இத்தாலியின் கடலோர கிராமங்கள்: எது அழகு என்பதைவிட, ராத்திரி 8 மணிக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்பதே முக்கியம்!

காலை 11 மணி. இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் இருக்கும் வெர்னாட்ஸா என்ற கிராமம். ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கூட்டத்தை இறக்கிவிட்டுப் போகின்றன. ஊருக்கு மெயின் தெரு ஒன்றுதான். ஸ்டேஷனில் இறங்கி அதில் நடந்தால் சில நிமிஷங்களில் கடல் வந்துவிடும். அந்தத் தெருவில் இப்போது நடக்க முடியாது, நகரத்தான் முடியும். கையில் கொடி பிடித்த கைடு, அவருக்குப் பின்னால் ஒரு பெரிய குழு. துறைமுகத்தில் எல்லா போன்களும் ஒரே திசையைப் பார்க்கின்றன. போட்டோ எடுத்தாச்சு, ஜெலாட்டோ சாப்பிட்டாச்சு, அடுத்த ஊருக்கு ரயில் பிடிக்கணும்.

அதே ஊர், இரவு 8 மணி. சொகுசுக் கப்பலில் வந்தவர்கள் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் ஃப்ளாரன்ஸுக்கோ மிலனுக்கோ போய்விட்டார்கள். துறைமுகச் சுவரில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அலைச் சத்தம் கேட்கிறது.

இன்ஸ்டாகிராமில் வெர்னாட்ஸாவைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள் உண்மையில் தேடி வருவது இந்த 8 மணி ஊரைத்தான். ஆனா, பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது 11 மணி ஊர். 'இத்தாலியில் பார்க்க வேண்டிய 10 அழகிய கடலோர கிராமங்கள்' போன்ற பட்டியல்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. எந்த கிராமம் அழகு என்பதைச் சொல்வதோடு அவை நின்றுவிடுகின்றன. அங்கே எல்லா கிராமமும் அழகுதான் என்பதால், அந்தக் கேள்வியை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

அப்போ எதை வைத்துத் தேர்வு செய்வது?

போட்டோ எதைச் சொல்லாது?

முதலில் பிரபலமான பெயர்களைப் பார்ப்போம். வடக்கே லிகூரியா மாநிலத்தில் 'சின்க்வே தெர்ரே' எனப்படும் ஐந்து ஊர்கள்: மொன்தெரோஸோ, வெர்னாட்ஸா, கொர்னிலியா, மனரோலா, ரியோமஜோரே. அதற்கு வடக்கே பணக்காரர்களின் படகுகள் நிற்கும் போர்ட்டோஃபினோ. தெற்கே நேப்பிள்ஸுக்குக் கீழே, அமால்ஃபி கடற்கரையில் பொசிட்டானோ. கிழக்கே புலியா, இன்னும் தெற்கே சிசிலி.

மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு நிற வீடுகள், கீழே நீலக் கடல், மேலே பாறை. சின்னத் திரையில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நேரில் போனால்தான் வித்தியாசம் தெரியும்.

உதாரணத்துக்கு, கொர்னிலியா ஊர் கடலை ஒட்டி இல்லை. கடலுக்கு மேலே சுமார் 100 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை முகட்டில் இருக்கிறது. ரயில் நிலையம் கீழே. நடுவில் ஏறத்தாழ 380 படிகள். மினி பஸ் உண்டு, ஆனா எப்போதும் இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 23 கிலோ சூட்கேஸும் முட்டிவலி உள்ள அம்மா அப்பாவும் கூட இருந்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். மொன்தெரோஸோவில் நீளமான மணல் கடற்கரையும் ஓரளவு சமதளமான தெருக்களும் இருக்கின்றன. ஐந்து ஊர்களில் பெற்றோரோடு தங்குவதற்கு அதுதான் சுலபம்.

பொசிட்டானோவும் அப்படித்தான். ஊரே ஒரு செங்குத்தான படிக்கட்டு மாதிரி. ரயில் கிடையாது. நெருக்கமான வளைவுகள் கொண்ட ஒரே மலைச்சாலையில் பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்கணும், இல்லாவிட்டால் படகில் வரணும். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1953-ல் 'ஹார்ப்பர்ஸ் பஸார்' இதழில் இந்த ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அது மீனவ கிராமம். 4,000 பேர்கூட வசிக்காத அதே ஊர் இன்று உலகின் விலை உயர்ந்த கடலோரச் சுற்றுலா ஊர்களில் ஒன்று.

அந்த அழகு எப்படி வந்தது?

சின்க்வே தெர்ரேவை 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1999-ல் அது தேசியப் பூங்காவானது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. யுனெஸ்கோ அங்கீகரித்தது மனிதர்களும் இயற்கையும் சேர்ந்து உருவாக்கிய ஒரு நிலப்பரப்பை. வண்ண வீடுகள் அதில் ஒரு பகுதி மட்டுமே.

வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மலையைப் பார்த்தால் இது புரியும். செங்குத்துச் சரிவை சுமார் ஆயிரம் வருஷமாக வெட்டி, படிப்படியாக அடுக்கு வயல்கள் அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கையும் தாங்குவது ஒரு கல் சுவர். சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லைப் பார்த்துப் பொருத்தி அடுக்கியதுதான். எல்லாச் சுவர்களின் நீளத்தையும் கூட்டினால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும். இப்படிக் கல் அடுக்கும் கலையை 2018-ல் யுனெஸ்கோ தனியாகவும் அங்கீகரித்தது. இத்தாலி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குக் கிடைத்த அங்கீகாரம் அது.

சிமென்ட் இல்லாததுதான் இந்தச் சுவரின் பலம். மழைத் தண்ணீர் கற்களின் இடுக்கு வழியாக மெதுவாக வடிந்துவிடும், மண் அங்கேயே நிற்கும். ஆனா, வருஷா வருஷம் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கல் சரிந்தால் உடனே திரும்ப வைக்கணும். விட்டுவிட்டால் சுவர் வயிறு தள்ளும், ஒருநாள் மண்ணோடு இறங்கிவிடும்.

பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் இளைஞர்கள் பக்கத்து நகரமான லா ஸ்பெஸியாவின் கடற்படைத் தளத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போனார்கள். பிறகு சுற்றுலா வந்தது. முதுகில் கூடை சுமந்து திராட்சை பறிப்பதைவிட, தாத்தா வீட்டை வாடகைக்கு விடுவதில் காசு அதிகம். இதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனா, பழைய அடுக்கு வயல்களில் பெரும்பகுதி இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. திராட்சைக் கூடைகளை ஏற்றி இறக்கும் ஒற்றைத் தண்டவாளக் குட்டி ரயிலை நம்பி, கொஞ்சப் பேர் மட்டும் இன்னும் விவசாயம் செய்கிறார்கள்.

2011 அக்டோபர் 25: என்ன நடந்தது?

அன்று சில மணி நேரத்தில் பேய் மழை கொட்டியது. மலையிலிருந்து தண்ணீரும் சேறும் பாறைகளும் இறங்கி வெர்னாட்ஸாவையும் மொன்தெரோஸோவையும் மூடின. வெர்னாட்ஸாவின் மெயின் தெருவில் கடைகளின் கதவுகள் தெரியாத அளவுக்குச் சேறு நிரம்பியது. இரண்டு ஊர்களிலும் உயிர்கள் போயின. மாதக்கணக்கில் மண்வெட்டியும் வாளியுமாகத்தான் ஊரை மீட்டார்கள்.

அவ்வளவு மழைக்கு எந்த மலையும் ஆடிப்போகும் என்பது உண்மைதான். ஆனா, பராமரிக்காமல் கைவிட்ட அடுக்குகள் சீக்கிரம் சரியும் என்பதும் உண்மை. இந்த ஊர்களைப் பொறுத்தவரை விவசாயமும் பாதுகாப்பும் வேறு வேறு விஷயங்கள் இல்லை. மேலே சுவரைக் கட்டும் ஆள் இருந்தால்தான் கீழே வண்ண வீடு நிற்கும்.

அடுத்த வருஷமே இன்னொரு விபத்து. ரியோமஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் 'வியா டெல் அமோரே', அதாவது காதல் பாதை, 2012 செப்டம்பரில் பாறை விழுந்து சுற்றுலாப் பயணிகள் காயமடைந்ததால் மூடப்பட்டது. ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத அந்தப் பாதையைச் சரிசெய்து மறுபடி திறக்க 2024 ஆகிவிட்டது. இப்போது அதில் நடக்கத் தனிக் கட்டணமும் முன்பதிவும் தேவை.

கூட்டத்தை ஊர்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

சின்க்வே தெர்ரேவின் ஐந்து ஊர்களையும் சேர்த்தால் மக்கள்தொகை சுமார் 4,000. வருஷத்துக்கு வந்துபோகிறவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்குக்கு முன்னால் ஊர்களிடம் இருக்கும் ஆயுதங்கள் அபராதமும் கட்டணமும்தான்.

2019-ல் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மலைப்பாதையில் ஏறினால் அபராதம் என்று சின்க்வே தெர்ரே பூங்கா எச்சரித்தது. அதிகபட்சம் 2,500 யூரோ. கேட்டால் சிரிப்பு வரும். ஆனா, வழுக்கி விழுந்தவர்களைத் தூக்க ஒவ்வொரு முறையும் மீட்புக் குழு மலையேற வேண்டியிருந்தது. ரயிலுக்கும் பாதைகளுக்கும் சேர்த்து வாங்கும் சின்க்வே தெர்ரே கார்டின் விலை, கூட்டம் அதிகமாக இருக்கும் நாள்களில் கூடுகிறது.

2023-ல் போர்ட்டோஃபினோ, துறைமுகத்தில் செல்ஃபிக்காகக் கூட்டம் தேங்கும் இடங்களை 'நிற்கக் கூடாத பகுதி' என்று அறிவித்தது. மீறினால் 275 யூரோ வரை அபராதம். அமால்ஃபி கடற்கரைச் சாலையில் 2022-லிருந்து, கூட்டம் மிகுந்த நாள்களில் ஒற்றைப்படை, இரட்டைப்படை நம்பர் பிளேட் முறை வந்தது. வாடகைக் காருக்கும் அது பொருந்தும். இதே சிந்தனையைத்தான் வெனிஸ் நகரம் 2024-ல் ஒரு படி மேலே கொண்டுபோனது. குறிப்பிட்ட நாள்களில், இரவு தங்காமல் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ வசூலிக்கத் தொடங்கியது.

இரவு தங்குகிறவருக்கு இந்தக் கட்டணத்திலிருந்து வெனிஸ் விலக்கு கொடுத்தது. தங்குகிறவர் அறை வாடகை கொடுக்கிறார், தங்கும் வரி கட்டுகிறார், காலையில் காபியும் இரவில் சாப்பாடும் ஊர்க்காரரிடம் வாங்குகிறார். பகல் பயணி ஒரு ஜெலாட்டோ வாங்கிவிட்டு குப்பையை விட்டுப் போகிறார். ஒருவரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை இது. நான்கு மணி நேரத்தில் யாராலும் அதற்கு மேல் செய்ய முடியாது, அவ்ளோதான்.

'ஹிட்டன் ஜெம்' தீர்வா?

'வெர்னாட்ஸா வேண்டாம், யாருக்கும் தெரியாத இந்த ஊருக்குப் போங்க' என்று ரீல்ஸ் சொல்லும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா, இது பெரும்பாலும் இன்னொரு ஊரை மாட்டிவிடுவதில்தான் முடியும்.

சின்க்வே தெர்ரேவில் ஒரு ரயில் பாதையாவது இருக்கிறது. 1870-களில் வந்த அந்தப் பாதையில் சீசனில் ரயில்கள் அடிக்கடி ஓடுகின்றன. பூங்கா நிர்வாகமும், கூட்டத்தைப் பழகிய ஊர்களும் இருக்கின்றன. யாருக்கும் தெரியாத ஒரு மீனவக் குடியிருப்பில் இவை எதுவும் இருக்காது. ஒரு மளிகைக் கடை, நாலைந்து கார் நிற்க இடம், ஒரு பஸ். அங்கே ஒரு கோடையில் சில ஆயிரம் பேர் இறங்கினாலே ஊர் தாங்காது.

எனவே தேட வேண்டியது யாருக்கும் தெரியாத ஊரை இல்லை. விருந்தாளிகளைத் தாங்கும் அளவுக்குச் சொந்த வாழ்க்கை உள்ள ஊரைத்தான் தேட வேண்டும். பள்ளிக்கூடம், மருந்துக் கடை, மீன் சந்தை, வேலைக்குப் போய்வரும் ஆட்கள், குளிர்காலத்திலும் திறந்திருக்கும் பேக்கரி. இவை இருந்தால் அங்கே ராத்திரி 8 மணிக்கும் மனிதர்கள் இருப்பார்கள். சுற்றுலாவை மட்டுமே நம்பி நிற்காத ஊர் அது.

அப்படிப்பட்ட ஊர்கள் எவை?

லிகூரியா: ஜெனோவாவிலிருந்து உள்ளூர் ரயிலில் போகக்கூடிய தூரத்தில் கமோலி இருக்கிறது. கடலை ஒட்டி நெருக்கமாக நிற்கும் உயரமான வண்ண வீடுகள். பல சுவர்களில் ஜன்னலும் வேலைப்பாடும் நிஜம்போலவே பெயின்ட்டில் வரையப்பட்டிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் பாய்மரக் கப்பல்களுக்குப் பெயர்போன ஊர். ஒவ்வொரு மே மாதமும் இரண்டாவது ஞாயிறன்று துறைமுகத்தில் ராட்சத வாணலி வைத்து மீன் பொரித்துக் கொடுக்கும் திருவிழா நடக்கிறது. இங்கிருந்து படகில் சான் ஃப்ருத்துவோஸோ மடாலயத்துக்குப் போகலாம். அங்கே சாலை கிடையாது, படகு அல்லது நடைதான். அதே படகு வழியில் போர்ட்டோஃபினோவையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். வெர்னாட்ஸாவைப் பார்த்தே தீரணும் என்பவர்களுக்கு லெவாந்தோ ஏற்றது. மொன்தெரோஸோவுக்கு ரயிலில் அடுத்த நிறுத்தம். நல்ல கடற்கரை, சமதளத் தெருக்கள், வாழும் ஊர். அங்கே தங்கினால் அதிகாலையிலோ மாலை 6 மணிக்குப் பிறகோ சின்க்வே தெர்ரேவுக்குள் போய்வரலாம்.

அமால்ஃபி கடற்கரை: பொசிட்டானோவில் தங்குவதற்குப் பதில் சலெர்னோ பக்கமிருந்து தொடங்கலாம். சலெர்னோ ரயில் வசதி உள்ள நகரம், சீசனில் படகுகளும் கிளம்பும். அந்தப் பக்கத்தில் செத்தாரா இருக்கிறது, இன்றும் நிஜமான மீன்பிடி ஊர். நெத்திலி இனத்து மீனை உப்பிட்டு மரப்பீப்பாயில் அடுக்கி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும் 'கொலதூரா' என்ற சாறுதான் ஊரின் அடையாளம். ரோமானியர் காலத்து மீன் சாற்றின் வாரிசு என்று அதைச் சொல்வார்கள். அமால்ஃபி ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் அத்ரானி. வெறும் 0.12 சதுர கிலோமீட்டர் பரப்புடன், இத்தாலியின் மிகச் சிறிய நகராட்சி அதுதான். ஓவியர் எஷர் 1931-ல் வரைந்த ஊர். இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: அத்ரானி சில நூறு பேர் வாழும் ஊர். அங்கே தங்கினால் நல்லது, 'ஸ்பாட்' ஆக்கினால் கஷ்டம்.

நேப்பிள்ஸ் வளைகுடா: புரோச்சிடா தீவு. காப்ரியின் பளபளப்பு இங்கே இல்லை. சுமார் 4 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 10,000 பேர் வாழ்கிறார்கள். கொரிசெல்லா என்ற மீனவர் துறையில் வண்ண வீடுகளுக்குக் கீழே வலை காய்கிறது. 1994-ல் வந்த 'இல் போஸ்தினோ' படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. 2022-ல் இத்தாலியின் கலாசாரத் தலைநகரமாகத் தேர்வான தீவும் இதுதான். நேப்பிள்ஸிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

புலியா: பாரி நகரத்திலிருந்து ரயிலில் பொலின்யானோ ஆ மாரே. பாறை விளிம்பில் வெள்ளை வீடுகள், நடுவே ஒரு குட்டிக் கடற்கரை. 'வொலாரே' பாட்டால் உலகப் புகழ்பெற்ற தொமெனிகோ மொதுன்யோ பிறந்த ஊர். எல்லோரும் அந்த ஒரே குட்டிக் கடற்கரையை நோக்கித்தான் வருவார்கள். அடுத்து இருக்கும் மொனோபொலி பெரிய ஊர். நீல நிற மீன்பிடிப் படகுகள், பழைய துறைமுகம், மாலையில் குடும்பத்தோடு உலாவும் ஊர்மக்கள். மொனோபொலியில் தங்கி பொலின்யானோவைப் பார்ப்பது இருவருக்கும் நல்லது.

சிசிலி: பலெர்மோவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் செஃபலூ. பெரிய பாறையின் அடியில் மணல் கடற்கரை, 1131-ல் கட்டத் தொடங்கிய நார்மன் தேவாலயம், உள்ளே தங்க மொசைக். அந்தத் தேவாலயம் 2015-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கடல், வரலாறு, ரயில், சமதளம் நான்கும் ஒரே இடத்தில் கிடைப்பதால், முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான தேர்வு குறைவு.

எப்போது போவது?

ஆகஸ்ட் வேண்டாம். ஆகஸ்ட் 15 இத்தாலியர்களுக்குப் பெரிய விடுமுறை. நாடே கடற்கரையில் இருக்கும், அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். மே மாதமும், செப்டம்பர் இரண்டாம் பாதியும் நல்ல சமயம். செப்டம்பரில் கடல் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் லிகூரியாவில் பெருமழை வரலாம். வானிலை எச்சரிக்கை வந்தால் நடைபாதைகளை மூடிவிடுவார்கள். 2011 வெள்ளம் வந்த மாதம் எது என்று மறக்கக் கூடாது. குளிர்காலத்தில் பொசிட்டானோவின் பல ஹோட்டல்கள் மூடியிருக்கும், படகுகளும் பெரும்பாலும் ஓடாது. கமோலி, செஃபலூ போன்ற வாழும் ஊர்கள் அப்போதும் திறந்தே இருக்கும்.

விசா, அறை, சாப்பாடு: கவனிக்க வேண்டியவை

இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பெரியவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 90 யூரோ, விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. தங்குமிட விவரத்தையும் பயணத் திட்டத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதாவது எந்த ஊரில் எத்தனை இரவு என்ற முடிவை இங்கே இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ரோம் 2, ஃப்ளாரன்ஸ் 2, வெனிஸ் 2 என்று எழுதிவிட்டு, நடுவில் மிச்சமிருக்கும் பகல்களில் சின்க்வே தெர்ரேவையும் பொசிட்டானோவையும் செருகிவிடுகிறார்கள். இந்த இரண்டு கடற்கரைகளும் நாட்டின் வேறு வேறு பகுதிகளில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரயிலிலேயே அரை நாளுக்கு மேல் போய்விடும். ஒரு பயணத்துக்கு ஒரு கடற்கரை போதும். வடக்கே மிலன், ஃப்ளாரன்ஸ் பார்க்கிறவர்களுக்கு லிகூரியா. ரோம், நேப்பிள்ஸ் பார்க்கிறவர்களுக்கு அமால்ஃபி அல்லது புரோச்சிடா.

வாடகை வீடு எடுத்தால் விளம்பரத்தில் 'சி.ஐ.என்.' என்ற அடையாள எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறுகிய கால வாடகை வீடுகளுக்கு இத்தாலி அரசு 2025 தொடக்கத்திலிருந்து இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எண் இல்லாத வீடு, கணக்கில் வராத வீடு. முடிந்தால் ஊர்க்காரர்களே நடத்தும் சிறு விடுதியோ அறையோ தேடலாம். ஊரிலேயே இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்தக் காசு போகும்.

உள்ளூர் ரயிலில் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் இதை மறந்து அபராதம் கட்டியவர்கள் நிறைய.

சைவர்களுக்கு லிகூரியா நல்ல இடம். துளசி இனத்து பேசில் இலையில் செய்யும் பெஸ்தோ, ஃபொகாச்சா ரொட்டி, கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுடும் ஃபரினாத்தா. பெஸ்தோவில் சீஸ் உண்டு என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். புலியாவில் அவரை இனப் பயறை மசித்து கீரையோடு தரும் உணவு ஊருக்கு ஊர் கிடைக்கும். சின்க்வே தெர்ரேவில் குடிப்பவர்கள் உள்ளூர் ஷக்கெத்ரா இனிப்பு ஒயினைக் கேட்டு வாங்கலாம். விலை கூடுதலாக இருக்கும். அந்த அடுக்கு வயல்களில் விளையும் திராட்சையை உலர்த்தித்தான் அதைச் செய்கிறார்கள். அந்தக் காசில் ஒரு பங்கு கல் சுவருக்குப் போகிறது.

'வாழ்க்கையில ஒரு தடவைதானே...'

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. 10 நாள் லீவு, பல மாதச் சேமிப்பு, விசாவுக்கான அலைச்சல். மறுபடி எப்போது வருவோம் என்று தெரியாதவரிடம் 'வெர்னாட்ஸாவை விட்டுவிடுங்கள்' என்று சொல்வது அநியாயம். பக்கத்து நாட்டிலிருந்து வார இறுதிக்கு வந்துபோகும் ஐரோப்பியரைவிட, தூரத்திலிருந்து வருகிறவருக்கு அந்த ஊரைப் பார்க்கும் ஆசை கூடுதலாகவே இருக்கும்.

ஆனா, ஒரே ஒரு தடவைதான் என்பதாலேயே, அதைக் காலை 11 மணிக்குச் செலவழிக்கக் கூடாது. ஒரே நாளில் ஐந்து ஊர்களைப் பார்த்தவருக்கு ஐந்து ரயில் நிலையங்களும் ஐந்து கூட்டங்களும்தான் ஞாபகம் இருக்கும். ஒரு ஊரில் மூன்று இரவு தங்கியவருக்கு, மூன்றாம் நாள் காலையில் பேக்கரிக்காரர் 'போன்ஜோர்னோ' சொல்வார். மேலே அடுக்கு வயலில் யாரோ கல் தூக்கி வைப்பதைப் பார்க்க நேரம் இருக்கும். போட்டோவும் அதே போட்டோதான், நடுவில் மற்றவர்களின் தலை மட்டும் இருக்காது.

ஆக, புக்கிங் செயலியைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகள் போதும். பள்ளிக்கூடமும் மீன் சந்தையும் உள்ள ஊரா அது? அங்கே மூன்று இரவு தங்க முடியுமா? கூட வருகிறவர்களின் முட்டி அந்தப் படிகளைத் தாங்குமா? மூன்றுக்கும் 'ஆமா' என்றால் டிக்கெட் போடலாம். இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்றால், அந்த ஊரை அடுத்த பயணத்துக்குத் தள்ளி வைப்பதுதான் ஊருக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.